ஆளில்லாத இரவுக்கு ஒரு சாவி

1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பு வெளியானது. இன்றைய இணையத்தின் அடிப்படையான டி.சி.பி./ஐ.பி. அதில் இருந்ததால் கணினி வரலாற்று நூல்கள் அதைத் தவறாமல் குறிப்பிடும். அதே பதிப்போடு சத்தமில்லாமல் வந்த ஒரு சிறிய நிரலை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் ஆர்டம்ப். அதற்கு முன் இருந்த டம்ப், ஒரு கணினியின் டிஸ்க்கில் இருப்பதை அதே கணினியோடு இணைந்த டேப்பில் எழுதிவைக்கும். ஆர்டம்ப், வேறொரு கணினியின் டேப் டிரைவில் எழுதியது. மறுமுனையில் ஆர்.எம்.டி. என்றொரு குட்டி நிரல் எழுந்து, வருவதை வாங்கி, டேப்பை ஓட்டியது.

டேப் டிரைவ் அன்று மலிவான சாமான் அல்ல. ஒரு கணினியோடு ஒன்றை மாட்டிவிட்டு, மற்றக் கணினிகள் ஈதர்நெட் கம்பி வழியே அதைப் பகிர்ந்துகொள்வதே சிக்கனம். பேக்கப்புக்குத் தோதான நேரம் நள்ளிரவு. பகலில் எடுத்தால், ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதி பழையதும் பாதி புதியதுமாகப் பதிவாகும். வேலை செய்பவர்களின் கணினியும் திணறும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்க கிரான் என்ற நிரல் ஏற்கெனவே இருந்தது. 1979-ன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே அதைக் காணலாம். ஆக, கம்பி இருக்கிறது, டேப் இருக்கிறது, நேரம் பார்த்து எழுப்பிவிட ஆளும் இருக்கிறது. டேப் வைத்திருக்கும் கணினி பாஸ்வேர்டு கேட்டால், இரவு இரண்டு மணிக்கு அதைத் தட்டச்சு செய்ய மட்டும் யாரும் இல்லை.

ஒரு வழி, பாஸ்வேர்டையே எழுதிவைத்துவிடுவது. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. நிரல் அதைத்தான் செய்தது. வீட்டு அடைவில் டாட் நெட்ஆர்சி என்றொரு கோப்பு. அதில் கணினியின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பச்சையாக இருக்கும். அந்தக் கோப்பை மற்றவர்கள் படிக்கும்படி விட்டிருந்தால் எஃப்.டி.பி. கோபித்துக்கொண்டு மறுக்கும், அவ்வளவுதான் காவல்.

பெர்க்லிக்காரர்கள் கண்ட இன்னொரு வழி, கேட்காமலே உள்ளே விடுவது. வேறொரு கணினிக்குள் நுழைய ஆர்லாகின், அங்கே கட்டளை ஓட்ட ஆர்.எஸ்.எச்., கோப்பை நகலெடுக்க ஆர்.சி.பி. என்ற மூன்று கட்டளைகளும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடின. ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் டாட் ஈக்விவ் என்றொரு பட்டியல் இருக்கும். அதில் பெயர் உள்ள கணினிகளிலிருந்து வரும் பயனரை, இங்கேயும் அதே பெயரில் கணக்கு இருந்தால், எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். தனி ஆட்களும் தங்கள் வீட்டு அடைவில் டாட் ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பு வைத்துத் தங்களுக்கு வேண்டிய கணினிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். வாசலில் நின்று ‘நான்தான்’ என்று குரல் கொடுத்ததும் தாழ்ப்பாள் விலகும் வீட்டைப் போன்றது இது. குரலுக்குப் பதில் இங்கே பார்க்கப்பட்டவை இரண்டு: எந்த முகவரியிலிருந்து இணைப்பு வருகிறது, அது 1024-க்குக் கீழான போர்ட்டிலிருந்து வருகிறதா. அந்தக் கீழ் போர்ட்டுகளை யூனிக்ஸில் ரூட் என்ற தலைமைக் கணக்கு மட்டுமே திறக்க முடியும். ஆகவே அங்கிருந்து வரும் பேச்சு, அந்தக் கணினியின் பொறுப்பாளர் உத்தரவாதம் தந்த பேச்சு என்பது கணக்கு.

பேக்கப்புக்கு இது வாகாக அமைந்தது, ஒரு சிக்கலைத் தவிர. டிஸ்க் முழுவதையும் படிக்க வேண்டிய வேலை என்பதால் பல இடங்களில் அது ரூட் கணக்கிலேயே ஓடியது. பொதுப் பட்டியல் ரூட்டுக்குச் செல்லாது. ரூட்டின் சொந்த ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர் இருந்தாக வேண்டும். அப்படி எழுதிவைத்தபோது, ஒரு கணினியின் தலைமைக் கணக்கைப் பிடித்தவருக்கு அடுத்த கணினியின் தலைமைக் கணக்கும் இலவசமாகக் கிடைத்தது.

இதை வடிவமைத்தவர்களை இன்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் அன்று ஒரு துறையில் வேக்ஸ் கணினிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்மின் இருந்தார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மேசைமேல் தனிக் கணினி வந்து உட்கார்ந்ததும்தான் கணக்கு பிசகியது. தன் கணினிக்குத் தானே ராஜாவான ஒரு மாணவர் எந்தப் போர்ட்டையும் திறக்கலாம். 1024-க்குக் கீழ் என்பதற்கு எந்த மரியாதையும் இல்லாமல் போயிற்று. பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெலோவின் 1989-ல் டி.சி.பி./ஐ.பி.யின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த முகவரி நம்பிக்கையைத் தனியாக எடுத்து வைத்து விமர்சித்தார்.

அவருக்கு முன்பே ஓர் இளைஞர் இதைக் கண்டுபிடித்திருந்தார். 1985 பிப்ரவரியில் அதே பெல் ஆய்வகத்தில் ராபர்ட் டி. மோரிஸ் ஓர் அறிக்கை எழுதினார். 4.2 பி.எஸ்.டி. ஒவ்வொரு புது இணைப்புக்கும் ஒரு தொடக்க எண் தரும். அந்த எண் வினாடிக்கு ஒரு நிலையான அளவும், ஒவ்வொரு இணைப்புக்கும் அதில் பாதியும் ஏறிக்கொண்டே போகும். இதைக் கவனித்தவர் அடுத்த எண்ணைக் கணித்துவிடலாம். கணித்துவிட்டால், நம்பிக்கைப் பட்டியலில் உள்ள கணினியின் முகவரியைப் பொய்யாகப் போட்டுக் கடிதம் அனுப்பலாம். பதில் தனக்கு வராவிட்டாலும் உரையாடலைத் தொடரலாம். முகவரிதான் அடையாளம் என்ற ஏற்பாட்டின் அடித்தளத்தையே அந்தச் சில பக்கங்கள் தகர்த்துவிட்டன. யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த அதே மோரிஸ் ஒரு புழுவை இணையத்தில் விட்டார். மோரிஸ் புழு என்றதும் சென்ட்மெயில், ஃபிங்கர் ஆகியவற்றின் ஓட்டைகளைத்தான் எல்லோரும் நினைவுகூர்வார்கள். ஆனால் புழு பரவ இன்னொரு பாதையும் இருந்தது: தான் புகுந்த கணினியின் ஹோஸ்ட்ஸ் டாட் ஈக்விவ், ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்புகளைப் படித்து, அடுத்து யார் வீட்டுக் கதவு தட்டாமலே திறக்கும் என்று தெரிந்துகொண்டது. பாஸ்வேர்டுகளை ஊகிக்க 432 சொற்கள் கொண்ட பட்டியலும் கையில் வைத்திருந்தது. பாஸ்வேர்டு இல்லாத வழியும் பலவீனமான பாஸ்வேர்டு வழியும் அதற்குச் சமமாகவே பயன்பட்டன. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். அது வெறும் உத்தேசக் கணக்கு. மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அவருடைய தந்தையும் ஒரு ராபர்ட் மோரிஸ்தான். கென் தாம்சனோடு சேர்ந்து 1979-ல் யூனிக்ஸ் பாஸ்வேர்டு பாதுகாப்பைப் பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரையை எழுதியவர். மகன் புழுவை விட்ட சமயத்தில் அவர் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி.

அதற்குப் பிறகும் ஆர்ஹோஸ்ட்ஸ் சாகவில்லை. இரவு வேலைகள் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. எடுத்துவிட்டால் மறுநாள் காலையில் டேப் வெறுமையாக இருக்கும். அந்தத் திட்டை யார் வாங்குவது? மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் உருவான அமாண்டா என்ற பேக்கப் மென்பொருள், ஒரே டேப் சர்வர் பல கணினிகளை இரவோடு இரவாகப் பதிவுசெய்ய உதவியது. அதுகூடத் தன் நம்பிக்கைப் பட்டியலுக்கு டாட் அமாண்டாஹோஸ்ட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. வம்சம் பெயரிலேயே தெரிந்தது.

1994 பிப்ரவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய செர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இந்த அமைப்பே மோரிஸ் புழுவின் விளைவாகப் பிறந்ததுதான். நெட்வொர்க் கம்பியில் ஓடுவதை ஒட்டுக்கேட்கும் நிரல்களைத் திருடர்கள் பரவலாக நிறுவிவருகிறார்கள், பல்லாயிரம் கணினிகளின் நுழைவு விவரங்கள் ஏற்கெனவே அவர்கள் கையில் என்றது அது. எஃப்.டி.பி.யும், தொலைவிலிருந்து நுழைய உதவிய டெல்நெட்டும் பாஸ்வேர்டை அப்படியே எழுத்தெழுத்தாகக் கம்பியில் அனுப்பின. ஆக, பாஸ்வேர்டு கேட்டாலும் ஆபத்து, கேட்காவிட்டாலும் ஆபத்து என்ற நிலை.

கேட்காத வழியின் ஆபத்து அதே ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் அரங்கேறியது. சான் டியேகோவில் ட்சுடோமு ஷிமோமுரா என்ற ஆய்வாளரின் கணினிகளுக்குள் ஒருவர் புகுந்தார். மோரிஸ் 1985-ல் காகிதத்தில் எழுதிய முறையேதான்: நம்பிக்கைக்குரிய சர்வரை அரைகுறை இணைப்புக் கோரிக்கைகளால் திணறடித்து வாயடைக்கச் செய், அடுத்த தொடக்க எண்ணைக் கணி, அந்த சர்வரின் முகவரியில் பேசு. பேசியது ஒரே ஒரு கட்டளை. ரூட்டின் ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பின் முடிவில் இரண்டு கூட்டல் குறிகளைச் சேர்க்கும் கட்டளை. கூட்டல் குறி என்றால் ‘எந்தக் கணினியும், எந்தப் பயனரும்’ என்று பொருள். முதல் பொய்ப் பொட்டலத்திலிருந்து இது முடிய 16 வினாடிகூட ஆகவில்லை என்று ஷிமோமுரா தன் பதிவுகளிலிருந்து காட்டினார். இந்தத் தாக்குதலோடு பெயர் சேர்த்துப் பேசப்பட்ட கெவின் மிட்னிக் 1995 பிப்ரவரியில் வட கரோலினாவின் ராலேயில் கைதானார். செய்தித்தாள்கள் துரத்தலைக் கதையாக்கின. இரண்டு கூட்டல் குறிகளைப் பற்றி அட்மின்கள்தான் கவலைப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் ஓர் ஒட்டுக்கேட்கும் நிரல் பிடிபட்டது. ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகள் போயிருந்தன. அங்கே ஆய்வாளராக இருந்த தாது இலோனன், தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு மாற்றை எழுதினார். அதுதான் எஸ்.எஸ்.எச். பழைய மூன்று ஆர் கட்டளைகளின் இடத்தில் அப்படியே பொருந்தும்படி எஸ்.எஸ்.எச்., எஸ்லாகின், எஸ்.சி.பி. என்று பெயரிட்டார். பழைய ஸ்கிரிப்ட்டில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும். பழக்கத்தோடு சண்டை போடாததால்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவியது என்று சொல்லத் தோன்றுகிறது; கணிதம் எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் அட்மின்களின் விரல்கள் ஒத்துழைக்காவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது.

போர்ட் எண் கிடைத்த கதை இன்னும் சுவையானது. எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. இடையில் 22 காலியாக இருந்தது. இரண்டையும் ஒழிக்க வந்தவன் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தால் பார்வைக்கு நன்றாக இருக்குமே என்று இலோனனுக்குத் தோன்றியது. 1995 ஜூலை 10 அன்று எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். குழுக் கூட்டம், விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை. மறுநாளே ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் பதில் எழுதி எண்ணைக் கொடுத்துவிட்டார். அடுத்த சில நாட்களில் மென்பொருள் வெளியானது. வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம், 1995 ஆகஸ்ட் 15 அன்று. அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் எஸ்.எஸ்.எச். பயன்படுத்தினார்கள் என்பது இலோனனின் கணக்கு. அஞ்சல்களுக்குப் பதில் எழுதியே நாள் போனதால் டிசம்பரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

கம்பியில் ஓடுவது எல்லாம் மறையாக்கம் ஆனது ஒரு பாதி. இரவு வேலைக்கு உதவியது மற்றப் பாதி. 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட யோசனை, 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதற்குக் கொடுத்த வடிவம் ஆகியவற்றின்படி, ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கலாம். ஒன்று தனிச்சாவி, உரியவரை விட்டு அகலாது. மற்றது பொதுச்சாவி, ஊருக்கே கொடுக்கலாம். பேக்கப் எடுக்கும் கணினியில் ஜோடியை உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் மறுமுனையின் ஆதரைஸ்டு கீஸ் என்ற கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். இணைப்பு வரும்போது மறுமுனை ஒரு புதிர் போடும். தனிச்சாவி உள்ளவரால் மட்டுமே அதற்கு விடை சொல்ல முடியும். விடை ஒவ்வொரு தடவையும் வேறு. ஆகவே ஒட்டுக்கேட்பவருக்குப் பயனில்லை. சாவியும் கம்பியில் போவதே இல்லை. பெர்க்லி ஏற்பாட்டில் முகவரி இருந்த இடத்தில் இப்போது ஒரு ரகசியம் வந்து நின்றது.

இலோனன் எழுதிய முதல் கையேட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் சாவிக்கு முன்னால் கட்டுப்பாடுகளையும் எழுதலாம்: இந்தச் சாவி இன்ன முகவரியிலிருந்து வந்தால் மட்டும் செல்லும், இந்தச் சாவியோடு வருபவர் என்ன கேட்டாலும் இந்த ஒரு கட்டளை மட்டும் ஓடும், அவருக்குத் திரை கிடையாது, வேறு போர்ட்டுகளுக்குச் சுரங்கம் தோண்ட முடியாது. இதற்குக் கையேடு தரும் மாதிரி வரி, பல்கலைக்கழகத்தின் பேக்கப் கணினியின் பெயரிலேயே இருக்கிறது. ஓட அனுமதிக்கப்பட்ட கட்டளை, பயனர் அடைவுகளை எடுக்கும் அதே பழைய டம்ப். தொலைவிலிருந்து பேக்கப் எடுக்க மட்டும் உரிமை தந்து, வேறொன்றையும் தராத சாவி என்பது முதல் நாளிலேயே யோசித்து வைத்த பயன். பின்னால் நடந்த விபத்துகளில் பலவற்றைத் தடுத்திருக்கக்கூடிய, அல்லது சேதத்தையாவது குறைத்திருக்கக்கூடிய அந்த ஒரு வரியைத்தான் உலகம் அதிகம் படிக்காமல் விட்டது.

படித்தது வேறொரு வரியை. சாவி உருவாக்கும் நிரல் நடுவில் நின்று, தனிச்சாவியைப் பூட்ட ஒரு ரகசிய வாக்கியம் கேட்கும். கொடுத்தால், சாவிக் கோப்பைத் திருடினாலும் பயன்படாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய யார் இருக்கிறார்கள்? பழைய கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. விடையும் பழையதுதான். எதுவும் எழுதாமல் என்டர் தட்டு, இன்னொரு முறை என்டர் தட்டு. தானியங்கி பேக்கப் பற்றிய பல செய்முறைக் குறிப்புகளும் இந்த இரண்டு என்டர்களைச் சொல்லித்தந்தன. இப்போது காவல் என்பது கோப்பின் அனுமதி எண் மட்டுமே. 600 என்று வைத்தால் உரியவர் தவிர யாரும் படிக்க முடியாது. மற்றவர்கள் படிக்கும்படி விட்டால் எஸ்.எஸ்.எச். திரை நிறையக் குறிகளைப் போட்டு எச்சரித்து, அந்தச் சாவியைத் தொட மறுக்கும். பழைய எஃப்.டி.பி.யின் அதே கோபம்.

இன்னொரு சிறு தடங்கலும் உண்டு. முதல் தடவை இணையும்போது, ‘இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, இதன் சாவியை நம்பவா?’ என்று எஸ்.எஸ்.எச். கேட்கும். கிரான் வழியே ஓடும் ஸ்கிரிப்ட்டால் ஆம் என்று சொல்ல முடியாது. விவரம் தெரிந்த அட்மின், ஒருமுறை கையால் இணைந்து, கைரேகையைச் சரிபார்த்து, ஆம் என்பார். அவசரக்காரர் அந்தச் சோதனையையே நிறுத்திவிடுவார். எத்தனை பேர் எந்த வகை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, பார்க்காமல் இருப்பதே மனநிம்மதி.

பேக்கப்பின் மறுபாதி அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தது. கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் 1996 ஜூனில் ஆர்சிங்க் நிரலை வெளியிட்டார்கள். பெரிய கோப்பில் சிறிய மாற்றம் என்றால் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியதில்லை. இரு முனைகளும் துண்டுதுண்டாகச் சரிபார்ப்பு எண்களைப் பரிமாறிக்கொண்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பினால் போதும். மெதுவான இணைப்பில்கூட இரவுக்குள் பேக்கப் முடியும் என்ற நிலை இதனால் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆர்சிங்க் தன் பயணத்துக்கு இயல்பாக எடுத்துக்கொண்டது பழைய ஆர்.எஸ்.எச்.-ஐத்தான். 2004 ஜனவரியில் வந்த 2.6.0 பதிப்பில்தான் அது எஸ்.எஸ்.எச். ஆக மாறியது. மிட்னிக் கைதாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த மாற்றம் சாத்தியமானதற்குக் கனடாவின் கால்கரிக்கு நன்றி சொல்ல வேண்டும். இலோனனின் மென்பொருளின் உரிமம் பதிப்புக்குப் பதிப்பு இறுகிக்கொண்டே போனது. ஸ்வீடனின் பியோர்ன் கிரோன்வால், தாராளமான உரிமத்தோடு வந்த பழைய 1.2.12 பதிப்பைத் தேடியெடுத்துச் சீரமைத்தார். அதை அடிப்படையாக வைத்து, கால்கரியில் தியோ டி ராட் நடத்திய ஓப்பன்பி.எஸ்.டி. குழு ஓப்பன்எஸ்.எஸ்.எச்.-ஐ உருவாக்கி 1999 டிசம்பரில் தன் 2.6 பதிப்போடு வெளியிட்டது. மறையாக்க மென்பொருளை ஆயுதம் போலக் கருதிய அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் கனடாவில் எட்டாது. மார்கஸ் ஃப்ரீடல் இரண்டாம் தலைமுறை நெறிமுறையைச் சேர்த்தார். டேமியன் மில்லர் போன்றவர்கள் லினக்ஸுக்கும் மற்றவற்றுக்கும் கொண்டுபோனார்கள். 2000 செப்டம்பரில் ஆர்.எஸ்.ஏ. காப்புரிமையும் காலாவதியானது. அதன்பின் எந்த லினக்ஸ் வாங்கினாலும் எஸ்.எஸ்.எச். சும்மாவே உடன் வந்தது.

ரகசியத்தை நம்புகிறோம் என்றால், ரகசியம் உண்மையில் ரகசியமாக இருக்க வேண்டும். 2008 மே 13 அன்று டெபியன் லினக்ஸ் குழு வெளியிட்ட செய்தி இந்த இடத்தில் அடித்தது. 2006 செப்டம்பரில் ஓப்பன்எஸ்.எஸ்.எல். நூலகத்தில், பிழை தேடும் கருவி ஒன்று முறையிட்ட வரியை டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் நீக்கியிருந்தார். அந்த வரிதான் சாவி உருவாக்கத்துக்குத் தற்செயல் எண்களை ஊட்டிக்கொண்டிருந்தது. நீக்கியதும் மிஞ்சியது, நிரலின் செயல் எண் மட்டும். அதற்கு உச்சவரம்பு 32,768. அதாவது ஒரே வகை, ஒரே அளவு, ஒரே கட்டமைப்பில் டெபியன் உலகம் முழுக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக உருவாக்கிய சாவிகள் வெறும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்கின. லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்தார். செய்தி வந்த சில நாட்களில் எல்லாச் சாவிகளையும் முன்கூட்டியே உருவாக்கிப் பட்டியல் போட்டுவிட்டார்கள். டெபியன் இல்லாத சர்வர்களும் தப்பவில்லை: டெபியன் கணினி ஒன்றில் செய்த பொதுச்சாவி அவற்றின் பட்டியலில் இருந்தாலே போதும். எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கணக்கு இல்லை என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது.

கணக்கு இல்லாமை வளர்ந்துகொண்டே போனது. பாஸ்வேர்டுக்குக் காலாவதி உண்டு. ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் ஒரு வரிக்கு இயல்பாகக் காலாவதி இல்லை. வேலையை விட்டுப் போனவரின் சாவி, நிறுத்திவிட்ட பேக்கப்பின் சாவி எல்லாம் அங்கேயே கிடக்கும். 15,000 சர்வர்கள் கொண்ட ஒரு வாடிக்கையாளரிடம் சுமார் 30 லட்சம் நுழைவுச் சாவிகளைக் கண்டதாகவும், அதில் 90 விழுக்காடு யாரும் பயன்படுத்தாதவை என்றும் இலோனனின் நிறுவனமே சொன்னது. சாவி நிர்வாக மென்பொருள் விற்பவர்கள் சொல்லும் எண் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் கணிசம்தான். 2015 அக்டோபரில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், மனிதர் இல்லாத எஸ்.எஸ்.எச். நுழைவுகளை எப்படி நிர்வகிப்பது என்று தனி ஆவணம் வெளியிட்டது. அதன் ஆசிரியர்களில் இலோனனும் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிய கருவிக்கு அவரே ஒழுங்குமுறை எழுத வேண்டியிருந்தது.

திருடர்கள் இதை ஆவணம் வரும்வரை காத்திருந்து தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்த கணினிகளின் பட்டியலை எஸ்.எஸ்.எச். ஒரு கோப்பில் வைத்திருக்கும். மோரிஸ் புழுவுக்கு ஆர்ஹோஸ்ட்ஸ் தந்த அதே வழிகாட்டலை இது தரும் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எச்சரித்த பிறகு, 2005-ல் அந்தப் பெயர்களைக் குலைத்து எழுதும் வசதி வந்தது. 2012 நவம்பரில் ஃப்ரீபி.எஸ்.டி. திட்டம் தன் இரண்டு கணினிகளில் ஊடுருவல் நடந்ததை அறிவித்தது. மென்பொருள் ஓட்டை எதுவும் இல்லை. முறையான அனுமதி பெற்ற நிரலாளர் ஒருவரின் எஸ்.எஸ்.எச். சாவி கசிந்ததே காரணம் என்றார்கள். 2020 மே மாதம் ஊடுருவல் காரணமாக எடின்பரோவின் ஆர்ச்சர் மீத்திறன் கணினியை நிறுத்தி, எல்லாப் பயனர்களின் பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதே வாரம் ஜெர்மனியின் பல மையங்களும் மூடின. ஆய்வாளர்கள் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாவியோடு நடமாடுபவர்கள். ஒரு வாசலில் புகுந்தவருக்கு அடுத்த வாசல்கள் எளிதாயின.

இதனால் பேக்கப்காரர்களிடையே ஒரு பழைய விவாதம் சூடுபிடித்தது. தள்ளுவதா, இழுப்பதா? ஒவ்வொரு சர்வரும் தன் தரவைப் பேக்கப் கணினிக்குத் தள்ளினால், சர்வரில் புகுந்தவர் அதே சாவியோடு போய்ப் பேக்கப்பையும் அழிப்பார். பிணைத்தொகை கேட்கும் கும்பல்கள் முதலில் தேடுவது அதைத்தான். பேக்கப் கணினியே வந்து இழுத்தால், அந்த ஒரு கணினியில் எல்லா வீட்டுச் சாவிகளும் கொத்தாகத் தொங்கும். இரண்டுக்கும் மருந்து ஹெல்சிங்கிக் கையேட்டின் அந்த வரியில் இருந்தது. ஆர்சிங்கோடு வரும் ஆர்ஆர்சிங்க் என்ற துணை நிரலைக் கட்டாயக் கட்டளையாகப் போட்டால், சாவியோடு வருபவர் குறிப்பிட்ட அடைவைத் தாண்ட முடியாது. படிக்க மட்டும் என்றும் கட்டலாம். போர்க் போன்ற புதிய பேக்கப் கருவிகள், சேர்க்கலாம் ஆனால் அழிக்க முடியாது என்ற முறையை அதே இடத்தில் பொருத்தின. 2016-ல் ஓப்பன்எஸ்.எஸ்.எச். 7.2 எல்லாத் தடைகளையும் ஒரே சொல்லில் போடும் வசதி தந்தது. நாலைந்து தடைகளை நினைவு வைத்துத் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தால் யாரும் எழுதுவதில்லை என்பதை அதற்குள் எல்லோரும் பார்த்தாயிற்று. பழைய ஆர் கட்டளைகளை ஃப்ரீபி.எஸ்.டி. 2018-ல் வந்த தன் 12-ம் பதிப்பில்தான் ஒருவழியாகத் தூக்கியெறிந்தது.

2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தன் டெபியன் சோதனைக் கணினியில் எஸ்.எஸ்.எச். நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டு விட்டிருப்பார். அவர் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சில லினக்ஸ்களில் எஸ்.எஸ்.எச். சர்வரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு கள்ளக் கதவு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவிசெய்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு பங்களிப்பாளர் பெயரில் அது நுழைந்திருந்தது. அந்தக் கதவும் எல்லோருக்கும் திறப்பதாக இல்லை. குறிப்பிட்ட ஒரு தனிச்சாவியால் கையொப்பமிட்ட கட்டளையை மட்டுமே அது ஏற்கும். பெரும்பாலான நிலையான லினக்ஸ் வெளியீடுகளுக்குப் போய்ச் சேருமுன் பிடிபட்டது.

சாவியைக் கோப்பாக வைக்காமல் கைக்கு அடக்கமான வன்பொருளில் பூட்டும் வசதியை ஓப்பன்எஸ்.எஸ்.எச். 2020 பிப்ரவரியில் 8.2 பதிப்பில் சேர்த்தது. யு.எஸ்.பி.யில் செருகிய சிறு கருவிக்குள்ளேயே கையொப்பம் நடக்கும். ஒவ்வொரு நுழைவுக்கும் அதை விரலால் தொட வேண்டும். தொலைவிலிருந்து கணினியைப் பிடித்தவரிடம் விரல் இருக்காது என்பது அதன் வலு. அதே பதிப்பில், ஆதரைஸ்டு கீஸ் கோப்புக்கென்று இன்னொரு சொல்லும் வந்தது: சாவிக்கு முன்னால் அதை எழுதினால், தொடாமலே அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ளும்.